பாலத்தைத் தாண்டிய நாலு நாய்கள்

மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணி. எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தை அந்த நேரத்தில் நீங்கள் கடந்திருந்தால் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள்.

நைட்டிக்கு மேல் துண்டு. கையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட். ஒரு பெண் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே ஐந்து தெருநாய்கள். "வா... வா... பைய வா..."

எம்.எஸ்ஸி. படித்தவள். ஐந்து வயதுப் பெண்ணுக்கு அம்மா. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் பேசுகிறவள்.

ஆமாம். நான்தான்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று மூன்று வாரமாக யோசித்தேன். முடியவில்லை.

எங்கள் வாய்க்காலின் இரண்டு கரையிலும் இரண்டு தெருக்கள். இந்தக் கரை எங்கள் பேரூராட்சி. அந்தக் கரை பக்கத்துப் பேரூராட்சி. பேர் சொல்ல மாட்டேன். இரண்டு ஊரிலும் நான் காய்கறி வாங்கியாக வேண்டும். நடுவில் ஒரு சின்னப் பாலம். இரண்டு தெருவும் ஒன்றுக்கொன்று பார்த்தபடியே போய் மெயின் ரோட்டில் முடியும். அங்கேதான் பள்ளிக்கூடம்.

அந்தக் கரையில் மெர்சி இருக்கிறாள். பாளையங்கோட்டையில் கல்லூரியில் மூன்று வருஷம் என் பக்கத்து இருக்கை. இப்போது அவள் மகள் ஷெரினும் என் மகள் தன்யாவும் ஒரே யு.கே.ஜி.

தன்யாவை ஜூனில் ஒரு செவலை நாய் துரத்தியது. கடிக்கவில்லை. ஒரு ஷூ மட்டும் கழன்று விழுந்தது. அன்றிலிருந்து அவள் தெருவில் கால் வைப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு, தோளில் அவள் பை, கையில் வாட்டர் பாட்டில், தினமும் பள்ளிக்கூடம். நான் செய்வது சரியா? பயத்தை நானே வளர்க்கிறேனா? இறக்கிவிட்டு அதட்ட வேண்டுமா? தினமும் கேட்டுக்கொண்டேன். தினமும் தூக்கிக்கொண்டேன்.

அதே நேரத்தில், எதிர்க்கரையில்... ஷெரின் நடந்து போவாள். தனியாக. கை வீசி. பாட்டுப் பாடிக்கொண்டு.

மெர்சி கேட்டில் நின்று டாட்டா காட்டுவாள். எனக்கும் சேர்த்துக் காட்டுவாள். நான் பதிலுக்குக் காட்ட முடியாது. கை ஏது?

எப்படி இந்த அதிர்ஷ்டம்? விசாரித்தேன். அவர்கள் ஊரும் இன்னும் இரண்டு பேரூராட்சிகளும் சேர்ந்து நாய்களுக்குக் கருத்தடை செய்ய ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மூன்று ஊருக்கும் ஒரே வண்டி. ஒரே டாக்டர். ஒரே ஷெட். ஆபரேஷன் செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியை லேசாக வெட்டி விடுகிறார்கள். அக்கரை நாய்களில் பாதிக்கு மேல் காது நுனி இல்லை. அவை சாதுவாக வெயில் காய்கின்றன.

எங்கள் நாய்களுக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். சுகாதார மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார்.

"நமக்கும் லெட்டர் வந்துச்சும்மா. நாலாவது ஊரா சேருதீங்களான்னு கேட்டாங்க."

"சேர்ந்திருக்கலாமே சார்?"

"அவங்க ஆரம்பிச்ச காரியத்துல நாம போய் தொத்திக்கிடதா? நாம என்ன இளப்பமா? நாளைக்கு அவங்கதான் பெரிய ஊருன்னு ஆயிரும்லா!"

பொறாமையில் ஓர் ஊரே உட்கார்ந்திருக்கிறதே என்று மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் ஒன்று உறுத்தியது. மெர்சி என்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! "தன்யாவை இங்கன கூட்டிட்டு வாட்டி. ரெண்டும் சேந்து நடக்கட்டும்." நான் போனேனா? இல்லை. அவள் தெருவின் தயவு எனக்கு எதற்கு?

சரி, எனக்கும் அந்த அலுவலகத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒரு மேசை. ஒரு மின்விசிறி.

இந்த நிலைமையில்தான் மெர்சி போனில் சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை எங்க தெருவுக்கு நாய் வண்டி வருதாம்." நான் பிஸ்கட் வாங்கினேன்.

பாலத்தின் நடுவில் ஐந்தும் நின்றுவிட்டன. அதற்கு மேல் அடுத்த ஊர் நாய்களின் இடம் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது! ஆனாலும் இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்தபோது கொள்கை தளர்ந்தது. கிழட்டு நாய் ஒன்று மட்டும் திரும்பிப் போனது. செவலையோடு சேர்த்து நாலு நாய்கள் அக்கரை வந்தன. வண்டி வந்தது. வலை விழுந்தது. என் மனசு குளிர்ந்தது.

அப்போதுதான் மெர்சி வெளியே வந்தாள்.

"ஏட்டி, காலங்காத்தால நீ என்ன இங்கன நிக்க?"

"பா... பால் வாங்க வந்தேன்."

அவள் வண்டிக்காரரிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, அந்தக் கருப்பியப் பிடிக்கலையா? அதுக்குத்தான் ரெண்டு மாசமா போன் பண்ணுதேன்."

கருப்பி என்பது அவள் தெருவில் மிச்சம் இருந்த ஒரே முரட்டு நாய். வாய்க்காலோரக் குழாய்க்குள் படுத்திருக்கும். ஷெரின் போகும் நேரத்தில் அது வெளியே வராதபடி மெர்சி தினமும் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு டாட்டா காட்டுவதற்காக அல்ல!

"கூண்டு நிறைஞ்சுட்டும்மா," என்றார் அவர். "எங்கன இருந்துதான் வந்துச்சோ, இன்னைக்கு நாலு கூட இருக்கு. கருப்பிக்கு அடுத்த மாசம் பாப்போம்."

"சரி, இதுக எங்க தெரு நாயே இல்ல. வேற எங்கயாவது கொண்டு போயிருவீங்கள்லா?"

"எங்க கொண்டு போக? எங்கன பிடிச்சமோ அங்கனதாம்மா திரும்ப விடணும். சட்டம் அப்படி. ஞாயித்துக்கிழமை இதே வாசல்ல எறக்கிருவோம்."

மெர்சி வாசலிலா? ஆபரேஷன் முடிந்து எங்கே விடுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. படித்திருந்து என்ன பயன்? இதை ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே?

ஞாயிற்றுக்கிழமை இறக்கினார்கள். மூன்று நாய்கள் அன்று மாலையே பாலம் ஏறி எங்கள் தெருவுக்கு வந்து டீக்கடை ஓரம் படுத்துக்கொண்டன. தலைவன் இல்லாததால் தலையைக்கூடத் தூக்கவில்லை. தலைவன் செவலை வரவில்லை. அது மெர்சி வாசலிலேயே தங்கிவிட்டது. கருப்பியோடு சேர்ந்து.

நாய்கள் கூட்டணி வைத்துவிட்டன. பேரூராட்சிகளுக்குத்தான் இன்னும் ஆகவில்லை.

திங்கட்கிழமை தன்யா இடுப்பிலிருந்து இறங்கி நடந்தாள். முதலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு. பிறகு பிடிக்காமல். இத்தனை மாதமாக நான் கேட்ட வரம்! எதிர்க்கரையைப் பார்த்தேன்.

மெர்சியின் இடுப்பில் ஷெரின். முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாய்களும் கேட்டிலிருந்து குரைத்தன.

இந்த முறை டாட்டா காட்ட எனக்குத்தான் கை இருந்தது. காட்டவில்லை.

சந்தோஷப்பட்டேனா? உண்மையைச் சொல்கிறேன்: ஒரு நிமிஷம், ஆமாம். 'இப்ப தெரியுதா' என்று உள்ளே ஒருத்தி சொன்னாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் என் குரலில்தான் பேசினாள்.

வெள்ளிக்கிழமை வரை தாக்குப்பிடித்தேன். அன்று ஷெரின் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. "அவளுக்குப் பயமா இருக்காம்மா," என்றாள் தன்யா, சோற்றைப் பிசைந்தபடி. தன்யாவை வீட்டில் விட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டினேன்.

மெர்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மெர்சி... அந்தச் செவலை எங்க தெரு நாய்ட்டி."

"தெரியும்."

"தெரியுமா?"

"பால் வாங்க வந்தேன்ன. கையில பிஸ்கட் கவர வச்சுக்கிட்டு!"

"பெறகு ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுதியான்னு பாத்தேன்." ஒரு சட்டையை உதறினாள். "பத்து நாளாச்சு ஒனக்கு. எம்புள்ள நாலு நாளு அழுதா."

"சொல்லாமலே இருந்திருந்தா?"

"ஒன் கூடப் பேசியிருக்க மாட்டேன். என்னட்ட கேட்டிருந்தா நானே ஒனக்காக எங்க ஆபீஸ்ல போய் நின்னிருப்பேம்லா, கிறுக்கி!"

நான் அழுதேன். அவள் அழவில்லை. மிச்சத் துணியை என் பக்கம் தள்ளினாள். மடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவை இரண்டு அலுவலகங்களிலும் கொடுத்தோம். எங்கள் ஊர் மேற்பார்வையாளர் இரண்டு தடவை படித்தார்.

"நம்ம ஊரு நாயி அங்க போயி ஊசி போட்டுட்டு வந்திருக்கா? யாரு கூட்டிட்டுப் போனது?"

"நான்தான் சார்."

என்னைப் பார்த்தார். மெர்சியைப் பார்த்தார். பிறகு மேசை அதிரச் சிரித்தார். "நாயே போயிட்டு வந்துட்டு. இனியும் நாம முறுக்கிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? அடுத்த கூட்டத்துல வைக்கச் சொல்லுதேன்."

வைப்பார்களா, சேர்வார்களா, தெரியாது. கூட்டம் இன்னும் நடக்கவில்லை. ஊரும் ஊரும் கைகோக்க வேண்டுமென்றால் முதலில் ஒருத்தர் கூச்சத்தை விட்டுப் பாலத்தைக் கடக்க வேண்டும். பிஸ்கட் இல்லாமல்.

அதுவரை என் ஏற்பாடு இது. காலை எட்டேகாலுக்கு அக்கரை போகிறேன். செவலைக்கும் ஷெரினுக்கும் நடுவில் நின்று, கேட்டிலிருந்து பாலம் வரை அவளை நடத்திக் கூட்டி வருகிறேன். முதல் இரண்டு நாள் என் புடவையை விடவே இல்லை. இப்போது சுண்டு விரல் போதும் என்கிறாள். எங்கள் தெருவில் தன்யா சேர்ந்துகொள்கிறாள். இரண்டையும் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

அந்த அரை மணி நேரத்தில் மெர்சி என்ன செய்கிறாள் என்று நேற்றுக் கேட்டேன். காபி குடிக்கிறாளாம்.

உட்கார்ந்து... சூடாக!