மாடி வீட்டுக்கு வேண்டியவை

தொம்மலூரில் எங்கள் வீட்டு மாடியில் வெகுநாள் குடியிருந்தவர்கள் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு போனபோது, அதை நாள் வாடகைக்கு விடலாம் என்று சொன்னது என் ஓரகத்திதான். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். கீழ்வீட்டில் இரண்டு குடும்பமும் ஒரே சமையலாக இருந்த காலம் அது.

வந்து தங்குகிறவர்களுக்கு என்னென்ன வைப்பது என்பதில் எங்களுக்குள் ஓயாத பேச்சு. ஓட்டல்களில் பார்த்ததெல்லாம் என் மனதில் இருந்தது. குட்டி ஷாம்பு பாட்டில், குட்டி சோப்பு, தடித்த வெள்ளைத் துண்டு.

"இதெல்லாம் வாங்கினா வர்ற வாடகை இதுக்கே சரியாப் போயிடும். வெள்ளைத் துண்டுல ஒருத்தி கண்மையத் துடைச்சா முடிஞ்சது" என்றார் அக்கா.

இருவரும் சிக்பேட்டைத் துணிக்கடைகளுக்குப் போனோம். சீக்கிரம் காயக்கூடிய மெல்லிய ஈரோட்டுத் துண்டுகளை அரக்கு நிறத்தில் எடுத்தோம். என் கல்யாணத்துக்கு வந்து, பிரிக்காமல் பரணில் கிடந்த தட்டுகளும் டம்ளர்களும் மேலே போயின. என் ஆசைக்காகக் கொஞ்சம் குட்டி ஷாம்பு வாங்க அக்கா விட்டுக்கொடுத்தார். அதை மூங்கில் கூடையில் அழகாக அடுக்கி வைத்தேன்.

முதலில் வந்தவர்கள் திண்டுக்கல்லைச் சேர்ந்த அப்பா, அம்மா, மகள். அந்தப் பெண்ணுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் முதல் வேலை. பிஜி விடுதி ஒன்று பார்த்து அவளைச் சேர்த்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். விடாத தூறல். மறுநாள் காலை அந்த அம்மா கீழே வந்தார்.

"துணி காயப்போட ஒரு கொடி கட்டித் தருவீங்களா? ஷாம்பெல்லாம் அழகா வெச்சிருக்கீங்க. நாங்க சீயக்கா கொண்டாந்துட்டோம், அதத் தொடவே இல்ல."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். பால்கனியில் நைலான் கயிறு கட்டினோம். சாயங்காலம் அந்த அம்மா மறுபடி வந்து தயங்கி நின்றார். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அவர் வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லை. மேலேயோ தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலைத் தவிர ஒன்றும் இல்லை.

"நான் ரசம் வெச்சுத் தர்றேனே" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு என் கை ரசந்தான் இறங்கும்."

அக்கா எங்கள் பழைய இண்டக்‌ஷன் அடுப்பைத் துடைத்தார். பாத்திரம், அரிசி, புளி, ரசப்பொடி எல்லாம் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவோடு படியேறினார். சற்று நேரத்தில் தாளிக்கும் வாசனை கீழே இறங்கி வந்தது. ஆபீசிலிருந்து வந்த என் கணவர், "இன்னிக்கு நம்ம வீட்ல ரசமா?" என்று கேட்டார். எனக்கே பசித்தது.

மகளைப் பிஜியில் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது அந்த அம்மா, "லீவு நாள்ல அவ தனியா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை இங்க வரச் சொல்லுங்க. மேல ஆள் இருந்தா கீழ எங்ககூட இருக்கட்டும். தலைக்குக் குளிச்சு, சாப்பிட்டுப் போகட்டும்."

அந்தப் பெண்ணும் பஸ் ஏறி வந்தாள். முதலில் கூச்சத்தோடு வந்தவள், பிறகு நேரே சமையலறைக்குள் நுழைந்து பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறவளானாள். கல்யாணமாகி ஹைதராபாத் போகும்வரை அநேகமாக எல்லா ஞாயிறும் வந்தாள்.

அந்த அடுப்பு அதன்பின் கீழே இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வேலையாக வந்தவர்கள் அதில்தான் கஞ்சி வைத்தார்கள். வருகிறவர்கள் எதையாவது கேட்பார்கள், நாங்கள் வீட்டில் இருப்பதைக் கொண்டுபோய் வைப்போம். அப்படியே குடை, இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்ப் பை, ஊசி நூல் எல்லாம் மேலே சேர்ந்தன. ஓட்டல் சாமான் எதையும் பிறகு நான் வாங்கவில்லை.

இப்போது அக்கா புனேயில் மகனோடு இருக்கிறார். தனியாக என்னால் முடியாமல், மாடியை மாத வாடகைக்கு விட்டுவிட்டேன். அங்கே இருப்பவர்கள், இருவருமே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளம் தம்பதி. எல்லாச் சாமானும் அவர்களிடமே இருக்கிறது. நல்ல பிள்ளைகள். ஆனால் எதுவும் வேண்டுமென்று கீழே வந்து கேட்பதே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் குறைதான்.