தொண்ணூற்றாறரை சென்டிமீட்டர்

நகராட்சி அலுவலகத்தில் இருந்தவரை, அடிக்கணக்கில் வரும் வீட்டு பிளான்களை மீட்டரில் கேட்டுத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற பின்னும் திருவாரூரில் எனக்கு ‘மீட்டர் சார்’ என்றே பெயர். அதனால் ஒருவரும் அடியை விட்டுவிடவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது எங்கள் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் போன். பக்கத்து வீட்டு யூசுப், துபாயில் தச்சு வேலை. மனைவி பாத்திமாவை எங்கள் போனில்தான் அழைப்பார். மகள் பிறப்பதற்கு முன்பே போனவர்.

ஒரு வெள்ளிக்கிழமை மகளின் உயரத்தைக் கேட்டார்.

“மூணடி ரெண்டு இஞ்சுங்க. நேத்துதான் அளந்தேன்” என்றாள் பாத்திமா. பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினாள். “அங்க டேப்புல சென்டிமீட்டர்தான் இருக்காம் சார். நீங்களே சொல்லுங்க.”

வாழ்நாளில் யாரும் தாமாக என்னிடம் சென்டிமீட்டர் கேட்டதில்லை.

“தொண்ணூற்றாறரை” என்றேன்.

“அரையும் உண்டா சார்?”

“உண்டு. விட்டுடாதீங்க.”

அங்கே டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

“என் இடுப்புக்கு வந்துட்டா சார்” என்றார்.

அரசாணை என்பதற்காகவே மீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அன்று துபாயில் ஒரு தகப்பன், இல்லாத தலையைத் தடவ, வெறும் காற்றில் கையைச் சரியான உயரத்தில் வைத்திருப்பார். அரையை விடாமல் சொன்னது நல்லதாயிற்று.