கோஸ்தான் போட்டு ஏறிய மேடு: புந்தோங்கிலிருந்து சிலிம் ரிவர் வரை ஒரு பழைய ஜீப்பில்

பழைய நான்கு சக்கர இழுவை வண்டி ஒன்றை வாங்கி, சிலிம் ரிவர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கப் போவதாகவும், அந்தக் காலத்து வண்டிகளை நம்பலாமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். நம்பலாம் என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி சிரிப்பாள். ஆகவே 1981-ஆம் ஆண்டு, தீபாவளி கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் போன பயணத்தை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி. ஜீப் என்றுதான் சொல்வேன். செய்த கம்பெனி எதுவாக இருந்தாலும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குத் தோட்டத்தில் ஒரே பெயர்தான். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரைக்குப் புது வண்டி வந்ததும் பழையதைத் தள்ளிவிட்டார்கள். 1974-இல் அதை நான் வாங்கினேன். அப்போது ஈப்போவுக்கு வெளியே ஓர் ஈயச் சுரங்கப் பட்டறையில் பிட்டர் வேலை, குடியிருப்பு புந்தோங்கில். கல்யாணம் ஆகாத ஆள், கையில் ஸ்பானர், வாசலில் ஜீப். வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

ஏழு வருடத்தில் அது வைத்த செலவுகளை மறைக்க மாட்டேன். தண்ணீர் பம்ப் இரண்டு முறை மாற்றினேன். முன்சக்கரத்து ஆயில் சீல் வருடத்துக்கு ஒரு தடவை ஒழுகும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் ஒரு முறை உடைந்தது. ரேடியேட்டருக்கு நாலு இடத்தில் ஈயப் பற்று வைத்திருந்தேன். கிளட்ச் தட்டு ஒரு தடவை மாற்றினேன். இத்தனைக்கும் இன்ஜினின் வயிற்றைத் திறக்கவே இல்லை. அது இரும்பு மாதிரி இருந்தது. சுற்றியிருந்த சில்லறைச் சாமான்கள்தான் என் மானத்தை வாங்கின.

மானம் போன கதைக்கு வருகிறேன். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு, சிலிம் ரிவரைத் தாண்டிய ஒரு தோட்டத்துக்கு நானும் அக்காவும் பெண் பார்க்கப் போனோம். தோட்டத்தின் பெயரைச் சொன்னால் மாமனார் வீட்டார் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுங்கள். வழியில் சுங்காய் ஊரில் தண்ணீர் பம்ப் போய், மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். மூன்று முறை சூடு பண்ணிய காப்பியைக் கொண்டு வந்து கொடுத்தாள் தனலெட்சுமி. அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவள். என் சட்டைக் கையில் இருந்த கிரீஸைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் அப்பாவுக்கு என்னைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர் அந்தத் தோட்டத்து லாரி டிரைவர். ஒரு நாளும் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, பிந்தாத மனிதர். கடைசியில் என் அக்கா கெஞ்சியதால் பரிசம் போட நாள் குறித்தார். ஆனால் ஒரு பேச்சும் சொல்லி அனுப்பினார்:

“ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள தட்டு வீட்டுக்குள்ள வரணும். வரலன்னா, பொண்ணு இல்லன்னு சொல்லிருவேன்லா.”

அக்கா டாக்சி பிடிக்கச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வண்டியைக் குறை சொன்ன வீட்டுக்கு வேறொருவன் வண்டியில் போவதா? மேலும், மழைக் காலத்தில் தோட்டத்துச் செம்மண் சடக்கில், அதாவது சாலையில், எந்த டாக்சியும் ஏறாது. இரண்டாவது காரணத்தை மட்டும் அக்காவிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பெட்ரோல் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. பம்புக்குள் வட்டமான ஒரு சவ்வு இருக்கும். அது மேலும் கீழும் அசைந்துதான் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். என்னுடையது வெடித்திருந்தது. புதுச் சவ்வு விலை எட்டு வெள்ளிதான். ஆனால் ஈப்போ பார்ட்ஸ் கடை முதலாளியான தவுக்கே, கோலாலம்பூரிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்றார். பத்து நாளா! கித்தா மரத்தடியில், அதாவது ரப்பர் மரத்தடியில், பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு ரப்பர் துண்டுக்காகக் கோலாலம்பூர் வரை கையேந்துவதா? ஆயர் தாவாரிலிருந்து வந்திருந்த மச்சான், அதாவது என் அக்காவின் கணவர், மெல்லியதாக உருட்டிய ரப்பர் ஷீட் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். சனிக்கிழமை மாலை அதில் ஒரு வட்டம் வெட்டி, ஓட்டை போட்டு, பம்பில் பொருத்தினேன். புந்தோங்கை இரண்டு சுற்றுச் சுற்றினேன். வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது.

“பாத்தீங்களா மச்சான், நம்ம மரத்துப் பாலு” என்றேன். மச்சானும் மார்பை நிமிர்த்திக்கொண்டார். இரண்டு பேருக்கும் அறிவு அவ்வளவுதான்.

ஞாயிறு காலை 6.30-க்குக் கிளம்பினோம். முன்னால் நானும் மச்சானும். பின்னால் கித்தான் கூடாரத்துக்குள் அக்காவும் ஒன்பது தட்டுகளும். புடவை, பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, பலகாரம். அன்றைக்கு நெடுஞ்சாலை கிடையாது. கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர், சுங்காய் என்று பழைய சாலையில் ஊர் ஊராகத்தான் போக வேண்டும். ஈப்போவிலிருந்து சிலிம் ரிவர் ஏறக்குறைய எழுபது கட்டை. கட்டை என்றால் மைல். இன்றைக்கும் பெரியவர்கள் தூரத்தைக் கட்டையில்தான் சொல்வார்கள், கிலோமீட்டர் என்று நினைத்துக்கொண்டு போய் ஏமாறாதீர்கள்.

கம்பார் 7.35. தாப்பா 8.20, அங்கே கால் மணி நேரம் தேநீருக்கு நின்றோம். தாப்பாவைத் தாண்டியதும் ஒரு சின்ன ஏற்றத்தில் ஜீப் இருமியது. இறக்கம் வந்ததும் சரியாகிவிட்டது. பீடோரில் சாலையோரம் கொய்யா வாங்க வேண்டும் என்றாள் அக்கா. “ஒன்பது தட்டு நல்ல கணக்குதானே, பத்தாவது எதுக்கு?” என்று நிறுத்தாமல் ஓட்டினேன். உண்மையில் நிறுத்தப் பயம். ஒவ்வோர் ஏற்றத்திலும் இருமல், ஒவ்வோர் இறக்கத்திலும் சுகம். சுங்காயைக் கடந்தபோது மணி 9.40. சிலிம் ரிவர் 10.30. அங்கிருந்து தோட்டத்துக்குள் செம்மண் சடக்கு ஆறு கட்டை. முந்தின நாள் மழையில் சடக்கு குழைந்து கிடந்தது. நாலு சக்கர இழுவையைப் போட்டு, ஊர்ந்து ஊர்ந்து, 11.05-க்குப் ரப்பர்ப் பால் சேர்க்கும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம்.

அந்தக் கொட்டகைக்கு அப்பால் அரைக் கட்டைத் தூரத்துக்குச் செங்குத்தான மேடு. மேட்டின் தலையில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள், லயத்தில் பெண் வீடு.

பாதி மேட்டில் ஜீப் இருமி நின்றது. மெல்லப் பின்னால் விட்டு, கொட்டகை வரை இறக்கினேன். சமதரையில் உடனே கிளம்பியது. மறுபடி ஏறினேன், மறுபடி நின்றது. மூன்றாவது முறை இன்னும் கீழேயே நின்றது. மணி 11.25. மச்சான் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். தட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றாள் அக்கா. மூன்று பேர், ஒன்பது தட்டு, சேறு. அப்படிப் போய் நின்றால் அந்த லாரிக்காரர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். தனலெட்சுமி அடக்கி வைத்த அந்தச் சிரிப்பையும் நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லவில்லை, இருபத்தெட்டு வயது ஆளுக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுகை வந்தது.

அப்போதுதான் உறைத்தது. இறக்கத்தில் மட்டும் ஏன் நன்றாக ஓடுகிறது? டேங்க் என் இருக்கைக்கு அடியில், பம்ப் முன்னால் இன்ஜினில். மேடு ஏறினால் இன்ஜின் உயர்ந்து டேங்க் தாழ்ந்துவிடும், நோஞ்சான் பம்ப் அவ்வளவு உயரத்துக்கு இழுக்காது. வண்டியின் மூக்கு கீழே இருந்தால் பெட்ரோல் தானாக ஓடி வரும். மேடும் ஏற வேண்டும், மூக்கும் கீழே இருக்க வேண்டும்.

“மச்சான், கோஸ்தான்!” என்று கத்தினேன். வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு எங்கள் நாட்டில் எல்லா இனத்தாரும் சொல்கிற சொல் அது. மச்சானோ, நான் திரும்பி ஈப்போவுக்கே போகப் போகிறேன் என்று நினைத்து, “அவசரப்படாத தம்பி!” என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

கொட்டகை முற்றத்தில் வண்டியைத் திருப்பி, முதுகை மேட்டுக்குக் காட்டி, ரிவர்ஸில் ஏற ஆரம்பித்தேன். கூடாரத்தின் பின்திரையைத் தூக்கிவிட்டு அக்கா வழி சொன்னாள்.

“கோஸ்தான்! கோஸ்தான்! சோத்தாங்கை பக்கம் ஒடிடா! ஐயோ அந்தப் பக்கம் கான் இருக்கு, பீச்சாங்கை பக்கம் ஒடி!”

கான் என்றால் சாக்கடைப் பள்ளம். கழுத்து சுளுக்க, ஒரு கையால் கதவைப் பிடித்து வெளியே எட்டிப் பார்த்தபடி ஏறினேன். ஜீப் ஓர் இருமல்கூட இருமவில்லை. 11.48-க்கு லயத்து வாசலில், பின்பக்கமாக, போய் நின்றது.

கூடியிருந்தவர்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். முதலில் வாய் திறந்தது பெண்ணின் அத்தை.

“நல்ல காரியத்துக்கு மாப்ள முதுகக் காட்டிக்கிட்டு வாரானே. இது ஆகாது அண்ணே.”

எனக்கு உயிர் போய்விட்டது. தனலெட்சுமியின் அப்பா ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் தட்டுகளோடு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். முன்னால் வந்து என்னைப் பார்த்தார்.

“பெட்ரோல் பம்பா?”

“ஆமா மாமா.”

“கோஸ்தான்ல ஏறலாம்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல மாமா. எறக்கத்துல மட்டும் நல்லா ஓடிச்சு.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார்.

“தட்டு முன்னால வந்திருக்கு, மாப்ள பின்னால வந்திருக்காரு. மொறப்படிதானே வந்திருக்காங்க? எறக்குங்க, மணி ஆவுது.”

பன்னிரண்டு அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது ஒன்பது தட்டும் உள்ளே போயின. பரிசம் போட்டாயிற்று. சாப்பாடு அருமை.

இரண்டு மணிக்குப் புறப்படலாம் என்றால் ஜீப் கிளம்பவே இல்லை. பம்பைக் கழற்றினேன். நான் பெருமையாக வெட்டி வைத்த சவ்வு இருந்த இடத்தில் கொழகொழவென்று பசை. விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மச்சானிடம் மீதி ஷீட் இருந்தது. “இந்தத் தடவ கொஞ்சம் கனமா வெட்டுவோம்” என்று பானெட்டின் மேல் விரித்து, வட்டம் வரைய ஆரம்பித்தேன்.

“கித்தாவ பெட்ரோல்ல போட்டா பசையாயிருமே.”

திரும்பினால் தனலெட்சுமி. பரிசப் புடவையோடு நிற்கிறாள். பரிசம் போட்ட பெண் கல்யாணம் வரை மாப்பிள்ளையிடம் பேசக் கூடாது. அவள் அத்தைக்கு மூச்சு நின்றுவிட்டது.

“சைக்கிள் டியூப் ஒட்டுறதுக்கு நாங்க அப்படித்தானே பசை செய்வோம்” என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டே. உள்ளே போய், மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் உரப்பையின் தடித்த பிளாஸ்டிக்கையும் கத்தரிக்கோலையும் கொண்டு வந்து பானெட்டின் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அவள் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு கித்தாக் காட்டு வீரர்களும் வாயை மூடிக்கொண்டு, பிளாஸ்டிக்கை இரண்டு மடிப்பாக வெட்டிப் பொருத்தினோம். 3.10-க்குக் கிளம்பி, ஏற்றம் இறக்கம் எல்லாவற்றிலும் முன்பக்கமாகவே ஓடி, 7 மணிக்கு முன்னால் புந்தோங் வந்து சேர்ந்தோம். ஐப்பசி மழை வழியெல்லாம் பெய்தது. நான் பாடிக்கொண்டே ஓட்டினேன், அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். பழைய வண்டி வாங்கினால் இன்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். தண்ணீர் பம்ப், பெட்ரோல் பம்புச் சவ்வு, ஆயில் சீல், பேன் பெல்ட் இவற்றைப் புதிதாக வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் படும் இடத்தில் பச்சை ரப்பரை வைக்காதீர்கள். உரப்பைப் பிளாஸ்டிக் ஒரு நாளுக்குத் தாங்கும், அதற்கு மேல் நான் சோதித்ததில்லை. ஏற்றத்தில் இருமி இறக்கத்தில் சரியானால் முதலில் பம்பைப் பாருங்கள். ரிவர்ஸில் மேடு ஏறுவது ஆபத்து நேரத்துக்குத்தான், அதுவும் பின்னால் இடம் வலம் தெரிந்த ஓர் ஆள் இருந்தால் மட்டும். சிலிம் ரிவருக்கு அப்பால் இப்போது பெரும்பாலும் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைதான், சடக்குகள் லாரி ஓடிக் குழிந்திருக்கும், மழைக்கு மறுநாள் உள்ளே போகாதீர்கள். எங்கே போனாலும் இரண்டு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஜீப்பை 1988 வரை வைத்திருந்தேன். இன்ஜினின் வயிற்றைக் கடைசி வரை திறக்கவில்லை. நம்பலாமா என்று கேட்ட வாசகருக்கு என் பதில், நம்பலாம்.

இதையெல்லாம் எழுதி முடித்து, தனத்துக்கு வாசித்துக் காட்டினேன். இத்தனை வருடமாகக் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டேன். பேசக் கூடாது என்று தெரிந்தும் அன்றைக்கு ஏன் அத்தனை பேர் முன்னால் வந்து பேசினாய்?

“நீங்க மறுபடியும் கித்தாவத்தானே வரைஞ்சுக்கிட்டு இருந்தீங்க” என்றாள். “நான் பேசாம இருந்திருந்தா, கல்யாணத்துக்கு யாரு வந்திருப்பா?”