படிகாரம் போட்ட தோம்பு

செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையின் மக்கள் தொடர்புப் பிரிவில் எனக்கு வேலை. கம்பெனிக்கு இதயம் இருக்கிறது என்று ஆண்டறிக்கையில் வருடாவருடம் எழுதுகிறவன் நான்தான். எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் இதுவரை கேட்டதில்லை.

ஒருமுறை ஓட்டலில் எங்களை உட்காரவைத்து, "நாம் ஏன் இருக்கிறோம்?" என்று ஓர் ஆலோசகர் நாள் முழுக்கக் கேட்டார். என் அப்பாவை, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் தினமும் காலையில் கேட்ட கேள்விதான். எங்களுக்குப் போட்ட நாசி லெமாக் சோற்றை அப்பாவுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவே. சாயங்காலத்துக்குள் கம்பெனி சமூகத்துக்காக இருக்கிறது என்று முடிவாயிற்று. அந்தச் சமூகம் எங்கே கிடைக்கும் என்று தேடியபோது நான் கை தூக்கினேன்.

மந்தினுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், என் சின்னம்மா மகள் இருக்கிறாள். கன்றுப் பண்ணையில் வேலை. வேலை இருக்கும்வரைதான் வீடு. குழாயில் வருவது குளத்துத் தண்ணீர். மழை பெய்தால் தேத்தண்ணீர் நிறம். அவளுடைய நான்கு வயது மகளுக்கு அதில் குளித்துக் குளித்து உடம்பெல்லாம் புண். தண்ணீர் மாறாவிட்டால் பிள்ளையை, நல்ல தண்ணீர் வரும் லோபாக்கில் தன் அக்கா வீட்டில் விட்டுவிடுவதாகப் புருஷன் சொல்லிவிட்டான். லயத்துக்கு ஒரு வடிகட்டும் இயந்திரம் கேட்டு நான் கம்பெனிக்கு மனு எழுதினேன்.

மேலாளரின் குழு நேரில் பார்க்க வருவதாக முடிவானதும் தங்கச்சிக்குப் போன் செய்தேன். "பெரிய ஆளுங்க வராங்க, நல்லபடியா பாத்துக்க." என் வாழ்நாளில் நான் சொல்லி ஒருவர் அப்படியே கேட்டது அது ஒன்றுதான்.

லயத்தில் கல்யாணம், கருமாதி எது வந்தாலும் இரண்டு நாள் முன்பே தண்ணீர் பிடித்துவைக்கும் தோம்புகளில் படிகாரத்தைக் கலக்கிவிடுவார்கள். சேறு அடியில் இறங்கிவிடும். குடிக்கலாம், சமைக்கலாம், புண்ணில் பட்டால் மட்டும் எரியும். அன்றைக்கும் வீட்டுக்கு வீடு அதையே செய்திருந்தார்கள். அடிவண்டலைக்கூடக் கழுவி ஊற்றியாயிற்று.

மேலாளர் ஒரு தோம்பின் மூடியைத் திறந்தார். அவர் முகம் அதில் அழகாகத் தெரிந்தது.

"தெளிவாகத்தானே இருக்கிறது?" என்று மலாயில் என்னிடம் கேட்டார்.

தங்கச்சி சிராப் சர்பத்துத் தட்டோடு பக்கத்தில் நின்றாள். "குடிங்க துவான், நல்ல தண்ணிதான் லா!"

உண்மையைச் சொன்னால் அவளைச் சபையில் அவமானப்படுத்துவதாகும் என்று வாயை மூடிக்கொண்டேன். இது நான் வெளியே சொல்லும் காரணம். என் பதவி உயர்வுத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் அவர் என்பது இன்னொன்று. "மழை இல்லாத நாள், துவான்" என்றேன். வீரம் அவ்வளவுதான் வந்தது.

தேவை நிரூபிக்கப்படவில்லை என்று குழு எழுதியது. இயந்திரம் வேறெங்கோ போயிற்று. லயத்து மண்டபச் சுவருக்கு எங்கள் சின்னத்தோடு நீலச் சாயம் அடித்தார்கள். அதைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

"ஏம்மா படிகாரம் போட்டீங்க?" என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

"பின்ன? வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சேத்துத் தண்ணியிலயா சிராப் கரைச்சுக் குடுப்பாங்க? நீங்கதானண்ணே நல்லபடியா பாத்துக்கச் சொன்னீங்க."

"அதுக்கில்ல..."

"எனக்குத்தான் தெரியல. படிச்ச மனுசன், பக்கத்துலயே நின்னீங்க. ஒரு வார்த்த சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்திடும்?"

மழை தொடங்கிய வாரம் பிள்ளையை என் காரில்தான் லோபாக்கில் கொண்டுபோய் விட்டோம். போன ஞாயிறு தங்கச்சியோடு நானும் பார்க்கப் போனேன். பிள்ளை அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டு வரமாட்டேன் என்றது. அத்தையைத்தான் அம்மா என்று கூப்பிட்டது. தங்கச்சி அதன் கையை எட்டிப் பிடித்து, சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"பாருங்கண்ணே, தழும்புகூட இல்ல" என்றாள்.