நான் பிடுங்கிக்கொண்ட வேலைகள்

என் மூளை துருப்பிடித்துவிடக் கூடாது என்பதற்காக என் மனைவியின் மூளையைத் துருப்பிடிக்க விட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்லிவிடுகிறேன். சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தல்ல... அந்த ஆசையெல்லாம் எனக்கு விட்டுப்போயிற்று.

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டியவன் நான். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை இருக்கையை விட்டு இறங்கக் கூடாது. ஷிஃப்ட் முடிந்தால், வாங்கிய பொறுப்பைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வேலையில் அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. வீட்டில் மீறினேன்.

என் மனைவி வசந்தா திருவதிகைப் பக்கத்துப் பெண். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் எங்கள் பிளாக் முழுவதன் ஷிஃப்டும் அவள் தலைக்குள் இருந்தது. எந்த வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறார் என்று அவளுக்குத் தெரியும். அன்று அந்தச் சுவர்ப் பக்கம் உரலில் இடிக்கிற சத்தம் கேட்காது. பிள்ளைகளைக்கூட வேறு தெருவுக்கு விளையாட விரட்டிவிடுவாள். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிற எனக்கே சில நாள் குழம்பும்! அவளுக்குக் குழம்பியதே இல்லை.

பிறகு ஓய்வு வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே கட்டிய எங்கள் வீட்டுக்குப் போனோம். எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், வேலையில் எமகாதகர், சும்மா உட்கார்ந்து உட்கார்ந்தே சொந்த மகன் பெயரை மறந்துபோனதைப் பார்த்திருந்தேன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓயக் கூடாது... எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும்!

செய்வதற்கு என்ன இருந்தது? அவள் செய்துகொண்டிருந்தவைதான் இருந்தன.

முதலில் காய்கறி வாங்குவதை எடுத்துக்கொண்டேன். பிறகு இன்று என்ன குழம்பு என்று தீர்மானிப்பதை. அப்புறம் கேஸுக்குச் சொல்வது, மகளுக்குப் போன் போடுவது, உறவில் யாருக்கு எப்போது கல்யாணம் என்று நினைவு வைப்பது... கடைசியில் அடுப்படியே என்னுடையதாயிற்று. "நீ உட்காரு வசந்தா, எவ்வளவு காலம் உழைச்சே" என்றேன். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்!

அவள் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் கத்தியை எடுத்து வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். "என்ன இது கோணல்மாணலா? கொண்டா இங்கே" என்று பிடுங்கிக்கொண்டேன்.

"அப்போ நான் இன்னாதாங்க பண்றது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். டிவி பார்க்கச் சொன்னேன்.

ஓய்வு பெற்றவர்கள் கூடும் சங்கத்தில் ஒருமுறை என்னைப் பேசச் சொன்னார்கள். வயதானாலும் புத்தி மழுங்காமல் இருப்பது எப்படி என்று பேச என்னைவிட்டால் ஆள் ஏது! கைக்கும் மூளைக்கும் வேலை கொடுங்கள் என்று முழங்கினேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மாள், உங்களுக்கு எப்படிப் பொழுது போகிறது என்று வசந்தாவைக் கேட்டார்.

"எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க. நான் சும்மா குந்திக்கினு இருக்கேங்க."

"குடுத்து வெச்சவங்க!" என்றார் அந்த அம்மாள். எனக்கு மார்பு விம்மியது. வசந்தா சொன்னது என் காதில் விழுந்தும் விழவில்லையே... செவிடனா நான்?

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். சில காலம் கழித்து அவள் பெயர்களை மறக்கத் தொடங்கினாள். பேச்சின் நடுவே தடுமாறுவாள். நான் முந்திக்கொண்டு பெயரை எடுத்துக்கொடுப்பேன். உதவி என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. எனக்குள் ஒரு சந்தோஷம்! அவள் மறந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறதே என்ற அற்பச் சந்தோஷம்!

டாக்டரிடம் கேட்டேன். "அது ஒரு நோய்ங்க, வர்றதா இருந்தா வரும். உங்க மேல தப்பு இல்லை" என்றார். இருக்கலாம். ஆனால் கத்தியைப் பிடுங்கியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது வாங்கிய பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறேன். முருங்கைக்கீரையை முறத்தில் வைத்து அவள் முன்னால் தள்ளினேன். ஆய்ந்து கொடு போதும் என்று கெஞ்சினேன். அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்களே பண்ணிடுங்க. நான் பண்ணா கோணலாப் பூடும்."

எதை எதையோ மறந்தாளே... இதை மறந்திருக்கக் கூடாதா?

நேற்று நடுப்பகலில் அடுப்படியில் ஒரு பாத்திரத்தைக் கை தவறிப் போட்டுவிட்டேன். வீடே அதிர்ந்தது. படுக்கையறையிலிருந்து அவள் ஓடிவந்தாள். அந்த முகத்தில் பழைய குவார்ட்டர்ஸ் அதட்டலைப் பார்த்தேன்.

"மெதுவா பண்ணுங்களேன்! எங்க வூட்டுக்காரரு நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கறாரு."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். யாரோ ஒரு சமையல்காரன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"சரிங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் திரும்பிப் போய், ஆளில்லாத அந்த அறையின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வாசலில் காவலுக்கு உட்கார்ந்தாள். நான் பிடுங்காமல் விட்டது அந்த ஒரு வேலையைத்தான். அதை அவள் இன்னும் கோணாமல் செய்கிறாள்.

கீழே கிடந்த பாத்திரத்தை எடுத்தால் சத்தம் கேட்குமே என்று, பொழுது சாயும்வரை அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.