திருப்பி எறிந்த பந்து

இரண்டாண்டுகளுக்கு முன், துபாயில் வெயில் தணிந்து மக்கள் ஜன்னல்களைத் திறந்து வைக்கத் தொடங்கும் நவம்பர் மாதத்தில் இது நடந்தது. எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் எங்கள் ஒரே மகன், முப்பத்து நான்கு வயதில், அலுவலக நாற்காலியில் அமர்ந்தபடியே மாரடைப்பால் இறந்துபோனான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் இயலாது.

அவனுடைய கைப்பேசி நிறுவனத்தினுடையது. திருப்பி ஒப்படைக்கும் முன் அதிலிருந்த மின்னஞ்சல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுள் இரண்டு சீசன் டிக்கெட்டுகள் இருந்தன. நகரின் ஓரத்தில், மணல்வெளியை ஒட்டி எழுப்பப்பட்ட புதிய மைதானத்தில் ஒரு தொழில்முறை பேஸ்பால் தொடர் தொடங்கவிருந்தது. நகரத்தின் பெயரைத் தாங்கிய அணிக்கு அங்கே எட்டு ஆட்டங்கள். நான்கு வாரங்கள், சனியும் ஞாயிறும் மாலை நான்கு மணிக்கு. ஒரு டிக்கெட்டில் அவன் பெயரும் மற்றொன்றில் என் பெயரும் அச்சிடப்பட்டிருந்தன.

அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்காது என்பதை அவன் நன்கு அறிவான். அமெரிக்காவில் அவன் படித்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை என்னை ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றான். நான் கையோடு கொண்டுபோயிருந்த கான்கிரீட் பரிசோதனை பற்றிய சஞ்சிகையை மூன்று மணி நேரமும் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் அவன் ஒன்று சொன்னான். "அப்பா, பால் அடிச்சு ஆடியன்ஸ் பக்கம் வந்து விழுமில்ல, அந்த மாதிரி ஒண்ணு எனக்கு வேணும். கடைல வாங்குனா அது சும்மா பால். கிரவுண்ட்ல இருந்து வந்தா தட்ஸ் டிஃபரண்ட்." அதன் பிறகு, துபாயில் எங்களோடு வந்து சேரும் முன், எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தான். எத்தனையோ ஆட்டங்களுக்குப் போனான். ஒரு பந்துகூட அவன் பக்கம் வரவில்லை என்று தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொல்வான்.

"அந்த ஆட்டத்துக்கு நீங்க எதுக்குப் போறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். "டிக்கெட் இருக்கிறது" என்றேன்.

முதல் சனிக்கிழமை நாங்கள் குடியிருந்த அல் குசைஸிலிருந்து புறப்பட்டுப் போய் என் இருக்கையில் அமர்ந்தேன். வலப்பக்க இருக்கை அவனுடையது. இடப்பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பெரிய பையோடு வந்து உட்கார்ந்தார். இராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரர். அல் குசைஸிலேயே மளிகைக்கடை வைத்திருந்தார். மைதானத்துக்குத் தண்ணீர் பாட்டில்கள் கொடுப்பது அவர் கடைதான். அதனால் சீசன் டிக்கெட் ஒன்று அவருக்கு இலவசமாகக் கிடைத்திருந்தது. இவையெல்லாம் நான் கேளாமலே முதல் ஐந்து நிமிடங்களில் எனக்குத் தெரிந்துவிட்டன.

"சார், அந்த சீட்டுக்கு ஆள் வருதா? பையை வைக்கலாமான்னு கேட்டேன்."

"மகன் வர வேண்டும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பையைத் தம் காலடியில் வைத்துக்கொண்டார். ஆட்டம் பாதி கடந்ததும், "தம்பிக்கு டூட்டி போல" என்றார். ஆமாம் என்று தலையசைத்தேன். வாழ்நாளெல்லாம் பிறருடைய பொய்களைக் கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். வளைகுடாவில் முப்பத்தோராண்டுகள் கட்டுமானப் பொருள்களைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் பொறியாளராக இருந்தேன். கலப்படச் சிமெண்டையும், முத்திரை மாற்றிய கம்பிகளையும், போலிச் சான்றிதழ்களையும் தயக்கமின்றித் திருப்பி அனுப்பியவன். அன்று மிக எளிதாக ஒரு பொய்யைச் சொன்னேன்.

நான் பாய் என்று அழைக்கத் தொடங்கியிருந்த அவருக்கும் ஆட்டம் தெரியாது. எனக்கும் தெரியாது. சூரியன் மறைந்ததும் அவர் மஃரிப் தொழுகைக்கு எழுந்தார். "சார், கொஞ்சம் பார்த்து வைங்க. வந்து கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கால்மணி நேரம் கழித்து வந்து உண்மையிலேயே கேட்டார். பார்த்ததில் எதுவும் எனக்குப் புரிந்திருக்கவில்லை. கட்டுமானத் தளத்தில் ஆய்வுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவனைப் போல் எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் ஒரு குறிப்பேட்டோடு போனேன்.

அந்த இரண்டாம் ஆட்டத்தில்தான் அது நடந்தது.

மட்டையின் விளிம்பில் பட்ட பந்தொன்று உயரே எழுந்து, எங்கள் பகுதிப் படிகளில் இரண்டு முறை எகிறி, மகனின் இருக்கைக்கு அடியில் உருண்டு வந்து நின்றது. குனிந்து எடுத்தேன். சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் நம் நாட்டவர்களும் பாகிஸ்தானியர்களும். "ஃபேங்கோ, அங்கிள், ஃபேங்கோ!" என்று, எறியச் சொல்லி, எல்லாப் பக்கமிருந்தும் குரல்கள் எழுந்தன. பாய் எழுந்தே நின்றுவிட்டார். "போடுங்க சார், போடுங்க! ஆட்டம் நிக்குதுல்ல!"

ஒரே பந்தைத் தேடி எடுத்துத் தேய்த்து ஆடும் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லோரும். கூட்டத்துக்குள் வந்த பந்தை உடனே மைதானத்துக்குள் எறிவதைத் தவிர வேறு வழக்கம் எங்களுக்குத் தெரியாது. கல்லூரியில் பவுண்டரி எல்லையில் நின்றவன் என்ற பழைய பெருமையும் சேர்ந்துகொள்ள, எழுந்து நின்று என் வலிமைக்கு இயன்ற அளவு எறிந்தேன். பந்து புல்தரையைத் தொட்டது. நம்மவர்கள் கைதட்டினார்கள்.

உள்ளே நின்ற ஆட்டக்காரர் காலடிக்கு வந்த பந்தைப் புரியாமல் பார்த்தார். அதற்குள் பந்து வீசுபவரின் கையில் வேறொரு புதிய பந்து இருந்தது. ஆட்டம் எனக்காக நிற்கவே இல்லை.

பின்வரிசையிலிருந்த பிலிப்பைன்ஸ் பெண்மணி என் தோளைத் தொட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "சார், ஏன் எறிந்தீர்கள்? இந்த ஆட்டத்தில் நம்மிடம் வரும் பந்து நமக்குத்தான். வீட்டுக்குக் கொண்டுபோகலாம்."

மகன் சொன்னது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. பந்து என் கையில் இருந்த அந்தச் சில நொடிகளில் நினைவுக்கு வரவில்லை. அவன் சொல்லும்போது நான் எந்த அளவு கவனித்துக் கேட்டிருந்தேன் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாய் பதறினார். "என்னண்ணே ஆச்சு? உடம்புக்கு முடியலையா?" அதுவரை சாராக இருந்த நான் அந்த நேரத்தில் அண்ணன் ஆனேன்.

"ஒன்றுமில்லை பாய். இப்படியொரு பந்து வேண்டும் என்று என் மகனுக்கு நெடுநாள் ஆசை" என்றேன்.

"அடக் கொடுமையே! நாந்தானே போடுங்க போடுங்கன்னு கத்துனேன்!" அவர் தம் தலையில் தட்டிக்கொண்டார். "விடுங்கண்ணே. உள்ள வேலை பாக்குற பயலுக அத்தனை பேரும் நம்ம தண்ணியத்தான் குடிக்கிறாங்ய. தம்பிக்கு ஒண்ணு வாங்கித் தர்றது என் பொறுப்பு."

எங்கள் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. பந்து வீசும் பிட்சர்களில் தாடி நரைத்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய நல்ல காலம் எங்கோ தொலைதூர நாட்டில் முடிந்து போயிருக்க வேண்டும். அடி வாங்கி வெளியேறும் ஒவ்வொரு முறையும் தொப்பியைத் தொட்டுக் கூட்டத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார். தொழுது திரும்பும் பாய்க்கு அவரைப் பற்றிய கவலைதான் முதலில். "நம்ம கிழவர் நிக்கிறாரா, கலாஸா?" என்பார். நான் குறிப்பேட்டைத் திறந்து, எத்தனை பேர் வெளியேறினார்கள், எந்தத் தளத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒப்பிப்பேன். "உங்ககிட்ட வாத்தியாரே தோத்தாரு போங்க" என்று அவர் சிரிப்பார். அந்தக் கால்மணி நேரத்தைத் தவறவிடக்கூடாது என்பதற்காகவே நான் ஆட்டத்தைக் கற்றேன். ஆகஸ்டுக்குப் பிறகு, ஒருவர் திரும்பி வந்து கேட்பார் என்று நான் காத்திருந்தது அந்த மாலைகளில் மட்டுமே.

ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் ஒருமுறையாவது கேட்பார்: "தம்பி இன்னைக்கும் டூட்டியா?" "டூட்டி" என்பேன். தம் பையிலிருந்து மூன்று தண்ணீர் பாட்டில்களை எடுப்பார். ஒன்றைக் காலி இருக்கையின் முன் வைப்பார். கிளம்பும்போது திறக்காத அதை மீண்டும் பைக்குள் போட்டுக்கொள்வார்.

நான்காம் ஆட்டத்தன்று அவர் வந்தபோதே முகத்தில் ஒரு வெற்றிக்களை. கைக்குட்டையில் சுற்றியிருந்த பந்தொன்றை என் மடியில் வைத்தார்.

"அன்னைக்கு நீங்க எறிஞ்சீங்கள்ல, அதே பந்துண்ணே. உள்ள ஒரு பய எடுத்து வச்சிருந்தான். புடிச்சு வாங்கிட்டேன். தம்பிகிட்ட குடுங்க. கிரவுண்ட்ல இருந்து வந்ததுன்னு சொல்லுங்க."

பந்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மைதானத்துப் பந்துகளில் தொடரின் முத்திரை இருக்கும். நான் எறிந்ததிலும் இருந்தது. இதில் அந்த இடம் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டிருந்தது. தரையில் உருண்ட பந்தில் அழுக்கு ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும். தையலின் பள்ளத்தில் மண் தங்கும். இதுவோ தோலும் நூலும் ஒருசேரப் பழுப்பேறி, நிறம் சீராகப் பரவியிருந்தது. திரவத்தில் ஊறிய பொருளின் நிறம். என் பழைய பரிசோதனைக்கூடத்தில் இதை ஒரு நிமிடத்தில் நிராகரித்திருப்பேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் தம் கைகளைக் கோத்துக்கொண்டு என் தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

"அதே பந்துதான் பாய்" என்றேன்.

வீட்டில் அதை மகனின் மேசைமேல் வைத்தேன். மறுநாள் அந்த அறையைத் துடைத்துவிட்டு வந்த மனைவி, "என்னங்க, அந்தப் பந்துல டீ வாசனை வருது?" என்றாள். நான் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் கழித்து அவளாகவே, "நல்ல வாசனையாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

ஆறாம் ஆட்டத்தில் எங்கள் அணி முதன்முறையாக வென்றது. ஏழாவதில் மீண்டும் தோற்றது. கடைசி ஞாயிறு வந்தது. நரைத்தாடிப் பிட்சர் அன்று வழக்கத்துக்கு மாறாக நன்றாக வீசினார். கூட்டமும் சற்று அதிகம். ஐந்தாம் இன்னிங்ஸில் ஒரு பந்து எழுந்து எங்களுக்கு இரண்டு வரிசை கீழே விழுந்தது. வேலைச் சீருடையோடு வந்திருந்த ஒரு பட்டாணிய இளைஞர் அதைப் பாய்ந்து பிடித்தார். பிடித்த வேகத்திலேயே, நான் செய்ததைப் போலவே, எறியக் கையை ஓங்கினார்.

"ரக்லோ பாய், ரக்லோ!" என்று ஒரு குரல் பெரிதாக எழுந்தது. வைத்துக்கொள் என்று பொருள். உடனே எங்கள் பகுதி முழுவதும், மூன்று வாரங்களுக்கு முன் என்னை எறியச் சொன்ன அதே கூட்டம், "ரக்லோ! ரக்லோ!" என்று ஆர்ப்பரித்தது. இளைஞர் திகைத்து, பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

முதல் குரல் என்னுடையது என்பதை, நான் எழுந்து நின்றுகொண்டிருப்பதைக் கண்ட பிறகே உணர்ந்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு என் குரல் உயர்ந்தது அப்போதுதான். உட்கார்ந்தேன். இனி அவருக்குப் பொய் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"பாய், என் மகன் டூட்டிக்குப் போகவில்லை. ஆகஸ்டில் இறந்துவிட்டான்."

அவர் மைதானத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. என் முழங்கால்மீது கையை வைத்தார்.

"தெரியும்ணே."

"எப்படி?"

"மூணாவது மேட்ச்லயே தெரிஞ்சுபோச்சு. வரவேண்டிய புள்ள வரலைன்னா எந்தத் தகப்பனும் ஒருவாட்டியாச்சும் போன் அடிச்சு, எங்கடா இருக்கேன்னு கேட்டுருவாரு. நீங்க போனை எடுக்கவே இல்லையே."

பந்தை அவர் கொண்டுவந்தது நான்காம் ஆட்டத்தில். அதைக் கொடுக்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு ஆட்டத்திலும் தம்பி இன்னைக்கும் டூட்டியா என்று கேட்டிருக்கிறார். மூன்றாவது பாட்டிலை எடுத்து வைத்திருக்கிறார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு சொன்னேன்: "எனக்கும் ஒன்று தெரியும் பாய். அந்தப் பந்து டீயில் ஊறிய பந்து."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் சிறுபிள்ளையினுடையதைப் போல் ஆகிவிட்டது. "யா அல்லா! ரெண்டு நாள் சுலைமானி டீயில ஊறப் போட்டேண்ணே! மொட்டை மாடியில காய வச்சேன். வீட்டுக்காரி, மூளை கெட்டுப்போச்சான்னு ஏசுனா. அப்புறம் ஏண்ணே அதே பந்துன்னு சொன்னீங்க?"

இருவரும் சிரித்தோம். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அதற்குள் பாங்கு கேட்டது. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பார்த்து வைங்க. வந்து கேப்பேன்" என்றார். நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

அன்று எங்கள் அணி ஒரே ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. நரைத்தாடிப் பிட்சர் தொப்பியைத் தொட்டபோது நாங்கள் இருவரும் எழுந்து நின்று கைதட்டினோம். மூன்றாவது பாட்டிலை அவர் அன்று பைக்குள் போடவில்லை. மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். குடித்தேன்.

அந்தப் பந்து இன்றும் என் மகனின் மேசைமேல் இருக்கிறது. பார்ப்பவர்கள் கேட்டால், மைதானத்திலிருந்து அவனுக்காக வந்தது என்றே நானும் என் மனைவியும் சொல்கிறோம். முப்பத்தோராண்டுப் பணியில் ஒரு போலியையும் ஏற்காத நான் மனமறிந்து அளித்த ஒரே பொய்ச் சான்று அது, அதை இனி ஒருபோதும் திரும்பப் பெற மாட்டேன்.