தூணில் கட்டிய டியூப்லைட்

சந்தேகம் என்னோடு கூடவே பிறந்தது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தால், எதற்குச் சிரித்தாள் என்று இறங்கும்வரை யோசிப்பேன். ஒரகடத்தில், கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் என்னைப் பரிசோதனை மேசையில் போட்டபோது, ஆள் பார்த்துத்தான் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கறுப்புப் பெயின்ட் பளபளக்க வரும் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒதுக்க வேண்டும். ஒரு ஷிப்ட் நான். அடுத்த ஷிப்ட் குன்றத்தூரிலிருந்து வரும் ஓர் அக்கா. மேசை ஒன்றுதான். இருவரும் கான்ட்ராக்ட்.

ஒருநாள் வேலைக்குப் போனால், மேசை ஓரத் தூணில் ஒரு டியூப்லைட் கட்டியிருந்தது. கேபிள் டை போட்டு, முன்னால் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அக்காவின் கைவேலை. நான் போய் நின்றதும் வெளிச்சம் நேராகக் கண்ணில் குத்தியது. அக்கா நல்ல உயரம், நான் குள்ளம். அவருக்கு மறைத்த அட்டை எனக்கு மறைக்கவில்லை. வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார், என் கண்ணைக் கெடுத்து வேலையைவிட்டுத் துரத்தப் பார்க்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அவரிடம் கேட்டேனா என்றால், இல்லை. கேட்டால் மட்டும் உண்மையையா சொல்லப்போகிறார்? ஆலோசனைப் பெட்டியில் பெயர் போடாமல் ஒரு சீட்டுப் போட்டேன்: ‘தூணில் ஒயர் தொங்குகிறது, ஆபத்து.’ மறுநாளே டியூப்லைட்டைக் கழற்றிவிட்டார்கள். அறுத்த கேபிள் டை மட்டும் தூணில் மிச்சம் இருந்தது. பிறகு கூரை முழுக்கப் புது எல்.இ.டி. விளக்குகள் வந்தன. கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம். எனக்குப் பரம திருப்தி.

அதற்கப்புறம்தான் கீறல் விழுந்த கைப்பிடிகள் கார் கம்பெனியிலிருந்து திரும்பி வர ஆரம்பித்தன. எந்த ஷிப்டில் தப்பியது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்! “அந்த அக்கா சரியாப் பாக்காம தள்ளிவிடுறாங்க சார்” என்று சூப்பர்வைசர் காதில் போட்டேன். அக்காவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மாதக் கடைசியில் அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது, இனி நீட்டிக்க மாட்டார்கள் என்று பேச்சு. அவர் மேசையைவிட்டுப் போன பிறகும் கைப்பிடிகள் திரும்பி வந்தன. பழைய சரக்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரத்தில், விளக்கு கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் மூன்று நாள் பயிற்சி கொடுக்க வந்தாள். என்னைவிடச் சின்னப் பெண்.

“ஏம்மா, நம்ம டிபார்ட்மென்ட் சார்பா ட்ரெய்னிங்குக்கு நீ போ” என்றார் சூப்பர்வைசர். என்னை நகர்த்திவிட்டு யாரையோ மேசைக்குக் கொண்டுவரப் பார்க்கிறார் என்று அதிலும் ஒரு சந்தேகம்.

பல்பு மொத்தமாகக் கொட்டும் வெளிச்சம் லூமன், ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழுவது லக்ஸ் என்றாள். அளக்கும் மீட்டரை முன்கூட்டியே செட் பண்ணி வைத்திருப்பாளோ என்று நான் அதன்மேல் கையை வைத்து மூடிப் பார்த்தேன். எண் பொத்தென்று விழுந்தது. ஒற்றை பல்பை பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் நாலு மடங்காகும் என்றாள். இது சும்மா கதை என்று நானே டேப் பிடித்து அளந்தேன். ஏறக்குறைய நாலு மடங்குதான். போச்சுடா, இவள் பொய் சொல்லவில்லை!

மூன்றாம் நாள் எங்கள் மேசைக்கே வந்தாள். சூப்பர்வைசரும் கூட நின்றார்.

“நீங்க பாஸ் பண்ணின பீஸ் பத்து குடுங்க.”

அன்று காலை நான் பார்த்து ஓகே செய்தவற்றைக் கொடுத்தேன். கூரை வெளிச்சத்தில் எல்லாம் கண்ணாடிபோல் இருந்தன. அவள் மேசைக்கு மேல் இருந்த விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்தாள். மூன்றாவது கைப்பிடியில் வெள்ளையாக ஒரு கோடு. ஐந்தாவதில் இரண்டு.

“எவ்ளோ வெளிச்சம்னு மட்டும் பாத்தா போதாது. மேலேர்ந்து பரவலா வந்தா கீறல் ஒளிஞ்சுக்கும். சாய்வா வந்தாத்தான் காட்டிக்குடுக்கும்” என்றாள். பிறகு தூணில் மிச்சமிருந்த கேபிள் டையைப் பார்த்தாள். “இங்க ஏற்கெனவே யாரோ லைட் கட்டியிருந்தாங்க போலிருக்கே! சரியான இடம். ஏன் கழட்டினீங்க?”

“யாரோ சீட்டு போட்டாங்க மேடம்” என்றார் சூப்பர்வைசர்.

பத்தடி தள்ளி அக்கா பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலைக்கு ஆபத்தில்லை. மாதக் கடைசிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

“நான்தான் சார் போட்டேன்” என்றேன். “கண்ணு கூசுச்சு. அக்கா வேணும்னே செஞ்சதா நெனச்சேன். அவங்க மேல தப்பில்ல சார்.”

அக்கா டேப்பைக் கீழே வைத்துவிட்டு வந்தார். திட்டுவார் என்று நின்றேன்.

“இன்னாம்மா நீ? கேன்டீன்ல அன்னிக்கி நீதான அழுதுகினு இருந்த, கீறலே கண்ணுக்குத் தெரியல, வேலய வுட்டு தூக்கிருவாங்கன்னு? அதுக்கோசரந்தான் கட்டுனேன். கூசுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அட்டய நாலு வெரலு எறக்கி வுட்டிருப்பேனே!”

நான் அழுதது எனக்கே மறந்துபோயிருந்தது. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அக்காவை மேசைக்கே திருப்பி அனுப்பினார்கள். கான்ட்ராக்டையும் நீட்டித்தார்கள். டியூப்லைட்டும் அட்டையும் மறுபடி தூணுக்கு வந்தன. ஷிப்ட் மாறும் நேரத்தில் அக்கா என்னைத் தூணுக்கு எதிரே நிறுத்தி, அட்டையை இறக்கி இறக்கிப் பார்த்தார்.

“குனியாத, நேரா நில்லு. உன் கண்ணுக்குத்தான அளக்கறேன். இப்ப கூசுதா?”

“இல்லக்கா.”

இவ்வளவு செய்த எனக்கு இவர் எதற்கு நல்லது செய்கிறார், உள்ளே ஏதாவது வைத்திருப்பாரோ என்று அப்போதும் ஒரு நொடி தோன்றியது. சீ என்றிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், கைப்பிடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தேன்.